கீழ்ச்சல்லடையில் ஒன்றுமில்லை

உம்முடைய மகள் சென்ற ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்சில் என் வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். “அப்பாவோட சாமான், உங்களுக்குத்தான் உபயோகம்” என்றாள். மூடியைத் திறந்ததும் பழைய ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே இரண்டு பித்தளைச் சல்லடைகள். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள மேல்சல்லடையின் விளிம்பு உப்புநீர் பட்டுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. அதற்கு அடியில் பொருத்தவேண்டிய நுண்சல்லடையோ கடையில் சுற்றித் தந்த மெழுகுத்தாளைக்கூட இன்னும் கழற்றவில்லை. முகத்துவாரச் சேற்றில் ஓராண்டு முழுவதும் பயன்படுத்தியதாக நீர் அறிக்கையில் எழுதிய சல்லடை அது. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் பட்டதில்லை.

இறந்தவர்களைப் பற்றி நல்லதையே எழுதவேண்டும் என்பார்கள். இருந்தால் எழுதலாம்.

சென்ற மாதம் நடந்த உமது அஞ்சலிக் கூட்டத்தில் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் உமது சிரிப்பைப் புகழ்ந்தார்கள். ஒருவர் உம்மைச் சேற்றின் செல்லப்பிள்ளை என்றார். ஏழாவதாக நான் எழுந்து, “இவர் கொண்டுவரும் மாதிரிகளைப் போலச் சுத்தமானவற்றை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை” என்றேன். அதை இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

கடல்புழுவின் வாழ்க்கையை உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவரைப் போல நடந்துகொண்டதால் சொல்கிறேன். சேற்று வளைக்குள் வாழும் அந்தப் புழு, பருவம் வந்ததும் உடல் மாறி, வளையைவிட்டு நீந்தி மேலேறி, முட்டையையும் விந்தையும் நீரில் விட்டு மடிந்துபோகும். முட்டையிலிருந்து வரும் இளவுயிரி, மயிரிழைகளை அசைத்தபடி வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு அலையும். பிறகு அடிக்கு இறங்கிச் சேற்றைத் தொட்டுப் பார்க்கும். பிடிக்காவிட்டால் மீண்டும் மேலெழும். உருமாற்றத்தைக்கூடச் சில நாள் தள்ளிப்போடும். ஏற்ற சேறு கிடைத்தால் அங்கேயே தங்கிப் புழுவாகும். அப்படித் தங்குகிறவற்றைத்தான் நாம் ‘புதுவரவு’ என்று குறித்தோம். அவை நூலிழையைவிட மெல்லியவை. மேல்சல்லடையின் கண்ணில் நழுவிப்போகும். அவற்றைப் பிடிக்கத்தான் கீழ்ச்சல்லடை. பெரியவை எல்லாம் ஒரே பருவத்தில் மடிகிற இனத்தில், கீழ்ச்சல்லடை ஆண்டு முழுதும் வெறுமையாக இருந்தால் அந்தச் சேற்றுத்திட்டுக்கு எதிர்காலம் இல்லை என்று பொருள். நம் இருவர் பெயரில் வந்த கட்டுரையில் நாம் அப்படித்தான் எழுதினோம்.

பணி தொடங்குமுன் பதினொரு விதிகளைத் தட்டச்சு செய்து உம்மிடம் கொடுத்தேன். நீர் நின்றபடியே பார்த்துவிட்டுச் சிரித்தீர்.

“என்னவே இது, புழுவுக்குக் கல்யாணப் பத்திரிகையா?”

“ஏழாவதை மட்டுமாவது படியும். கீழ்ச்சல்லடையில நிதானமாக் கழுவணும். ஒரு மாதிரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.”

“முக்கா மணியா? அதுக்குள்ள தண்ணி ஏறி எங்கழுத்துக்கு வந்துரும்வே, சட்டாம்பிள்ள. நீரும் படகுல வாரும். கூட நின்னு கழுவும்.”

“எனக்குப் படகு ஒத்துக்காதுன்னு உமக்குத் தெரியும்.”

“அப்பச் சும்மா கெடயும்.”

அடுத்த முறை ஆய்வகத்துக்கு வந்தபோது அந்தத் தாளில் பொரியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தீர். எனக்கும் ஒரு பிடி நீட்டினீர். இந்த ஊரில் திருநெல்வேலிப் பேச்சு பேச எனக்கு நீர் ஒருவரே இருந்தீர். அதனால் வாங்கித் தின்றேன். அந்தப் பலவீனத்தையும் நீர் நன்றாகவே அறிந்திருந்தீர்.

மாதந்தோறும் புட்டிகள் வந்தன. மேல்சல்லடைக்கு ஒன்று, கீழ்ச்சல்லடைக்கு ஒன்று. சீட்டுகள் மட்டும் அச்சடித்தாற்போல் இருக்கும். கீழ்ச்சல்லடைப் புட்டியில் மெல்லிய மணல். நுண்ணோக்கியின் கீழ் அதைச் சிறுசிறு பங்காகப் பரப்பி, கழுத்து வலிக்கத் தேடினேன். புழு இல்லை. சிப்பித்துகள்கூட இல்லை. எண்ணிக்கைக் கட்டத்தில் பூச்சியம் இட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘மிகச் சுத்தம்’ என்று எழுதினேன். பன்னிரண்டு மாதமும் அதையே எழுதினேன்.

சல்லடையைப் பார்த்த அன்றே நம் படகோட்டியைத் தொலைபேசியில் பிடித்தேன். சின்னப் புழுக்கள் வந்ததுண்டா என்று கேட்டேன்.

“ஷப் ஜலேர் ஷங்கே சோலே ஜேதோ, பாபு” என்றார். எல்லாம் தண்ணீரோடு போய்விடுமாம். சிவப்பு நூல் நூலாக, மேல்சல்லடையின் அடியில் ஒழுகிப் போனதை அவர் ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கிறார். கரைக்குத் திரும்பியதும் நீர் ஆற்றுமணலை அள்ளி, குழாயடியில் அலசிப் புட்டியில் அடைப்பீராம். ஒரு மண்குவளை டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுமாம். எதற்கு மணல் என்று அவர் ஒருமுறை கேட்டபோது, “ஆபீஸில் ஒரு பாபு இருக்கிறார், அவருக்குச் சுத்தமாக வேண்டும்” என்று சொன்னீராம். சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் சிரித்தார். அது உம்முடைய நகைச்சுவை என்று அவருக்கு இன்றும் நினைப்பு.

நம் கட்டுரையைக் காட்டித்தான் துறைமுகத்தார் கப்பல் வழியில் தோண்டிய சேற்றை அந்தத் திட்டின்மேல் கொட்ட அனுமதி வாங்கினார்கள். படகோட்டியின் வீட்டார் நண்டு பிடித்த இடம் அது. இப்போது அங்கே வளை தோண்ட எந்த உயிரும் இல்லை. பக்கத்துத் திட்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இணைப்பாக அதே கட்டுரை. வியாழக்கிழமை அலிப்பூர் அலுவலகத்தில் அதன்மேல் விசாரணை. கட்டுரை தவறு என்று அதற்குமுன் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்தத் திட்டும் மூடப்படும்.

உம்முடைய மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டுரை தவறு என்று எழுதிக் கொடுக்கப்போவதைச் சொன்னேன். சித்தப்பா என்பதை அவள் இந்த ஊர் வழக்கில் ‘காக்கு’ என்பாள்.

“காக்கு, நினைவு மலர் பிரஸ்ல இருக்கு. அந்த ஆர்ட்டிகிள்தான் ஃபர்ஸ்ட். இப்பப் போய் இது வேணுமா?”

“வேணும்.”

“ஏக்டு, கொஞ்சம் வெயிட் பண்ணுங்களேன். ஒரே மாசம். அம்மா இன்னும் சரியாச் சாப்பிடக்கூட இல்ல.”

“ஒரு மாசத்துல அடுத்த திட்டும் போயிரும்மா.”

பிறகு கேட்டாள். “நீங்களும்தான அதுல ஆதர்? உங்க பேரும் கெட்டுப்போகும்ல?”

“போகும்.”

“அப்ப எழுதுங்க. அப்பா பேர மட்டும் முதல்ல போடாதீங்க.”

“கட்டுரைல அதுதாம்மா முதல்ல இருக்கு.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். உமக்குப் பிறந்தவள் என்பதைத் தவிர அவளிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இன்று காலை அலிப்பூரில் மனுவைக் கொடுத்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு, முதல் பெயருக்கு உரியவர் எங்கே என்று கேட்டார். உயிரோடு இல்லை என்றேன். “தாஹோலே ஜொபாப் கே தேபே?” அப்படியானால் பதில் சொல்லப்போவது யார்? நான்தான் என்று சொல்லி, உம்முடைய பெயருக்கு எதிரிலும் நானே கையெழுத்திட்டேன்.

வியாழக்கிழமை என்ன கேட்பார்கள் என்பது தெரியும். மெழுகுத்தாளை, மணலை, படகோட்டியின் சொல்லை எல்லாம் வரிசையாக எடுத்துவைப்பேன். உம்மைக் காப்பாற்ற ஒரு சொல்லும் பேசமாட்டேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் ஒருநாளாவது அங்கே போய்ப் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்பார்கள். பதினொரு விதிகளில் எதுவும் என்னைப் போகச் சொல்லவில்லை. அந்த விதிகளை எழுதியவனும் நான்தான். உமது கூட்டத்தில் ஆறு பேர் உம்முடைய சிரிப்பை எடுத்துப் போனார்கள். எனக்கு மிச்சம், அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று சொல்லவேண்டிய ‘இல்லை’.