அம்மா நடக்கும் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

நலம். இந்தக் கடிதத்தையும் தையல்கார அக்கா வீட்டுக்கே போடுகிறேன். அப்பா கண்ணில் பட்டால் உனக்குத்தான் வினை.

ரயில் ஓட்டுநர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். இனி உடல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம் ஓடிப்போய்த் தண்டவாளத்தை ஒட்டிய பின்சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்வேனே, எஞ்சினிலிருந்து ஓட்டுநர் கை காட்டிவிட்டுப் போவாரே, நினைவிருக்கிறதா? அந்தக் கையை நம்பித்தான் வளர்ந்தேன். இனி நான் கை காட்டப் போகிறேன்.

உன் வாயாடி

மார்ச் 15

என் செல்ல வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்த சந்தோஷத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்ததற்கு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது கிடக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எலும்பும் தோலுமாகப் போய் டாக்டர் முன்னால் நிற்காதே.

இன்னொன்று. டாக்டர் உன் வலது பக்கம் இருக்கிற மாதிரி பார்த்து உட்கார்ந்துகொள். ஏன், எதற்கு என்று குறுக்குக் கேள்வி கேட்காதே.

அம்மா

ஏப்ரல் 2

அம்மா,

நீ சொன்ன மாதிரியே உட்கார்ந்தேன். ஆனால் அங்கே காதில் ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகச் சத்தம் வரும். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காது முடிந்தது. இடது காதுக்கு எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"முடிஞ்சிருச்சும்மா, எழுந்திருங்க" என்றார் டாக்டர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சின்ன வயசுல இந்தப் பக்கம் பலமா அடிபட்டுச்சா?" என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன். ஒரு காது கேட்காதவருக்கு ஓட்டுநர் வேலை கிடையாதாம். மறுபரிசோதனையும் கிடையாதாம்.

கடைத்தெருவில், பள்ளிக்கூட வாசலில், எங்கே போனாலும் நீ என் வலது பக்கமாகவே வருவாய். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?

ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு,

சாப்பிடாமல் கிடக்காதே. வேறு வேலையா கிடைக்காது?

காது விஷயம் பழசு. அவர் அறைந்த அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் போலீஸ் வரைக்கும் போயிருக்கும். சின்னப் பிள்ளையாக இருந்த உன்னை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன், சொல்.

அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டிவிடுகிறேன். நேற்று "உம் பொண்ணு வருவாளா?" என்று கேட்டார். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. என்ன இருந்தாலும் பெற்றவர்.

அம்மா

மே 9

அம்மா,

வேறு வேலை கிடைத்துவிட்டது. ரயில் பணிமனையில் எஞ்சின் கழுவுகிறேன். ஓட்டுநர் அறையைத் துடைக்கும்போது அந்த இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வேன். மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறார். முன்கண்ணாடியை மட்டும் திரும்பத் திரும்பத் துடைக்கிறேன். நான் ஒருநாளும் ஓட்டப்போவதில்லை. அது தெரிந்தும், விடிந்தால் கால் அங்கேதான் போகிறது. சில நாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுகிறேன்.

அவரைப் பார்க்க வரமாட்டேன். அந்தக் கை நடுங்கினாலும் அதே கைதான்.

நீ எப்போது வேண்டுமானாலும் வா. ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகிறேன். ஆனால் இந்த முறை என் இடது பக்கமாக நட. அவருக்காக நீ பேசுவது எனக்குக் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மகள்