வெள்ளைக்கரைப் புதினா

லோயர் பின்டன்,
ஞாயிறு, 16 ஆகஸ்ட் 1987

அன்பு மகள் ஹேசலுக்கு,

அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நேற்று ஊர்க் கண்காட்சி. இலை ஓரமெல்லாம் வெள்ளை படிந்த உங்கப்பாவின் வெள்ளைக்கரைப் புதினா பதினோரு வருஷமாக முதல் பரிசை விட்டதில்லை. வேர் பரவாதிருக்க அடியில்லாத வாளியைப் புதைத்து, அதற்குள் நட்டு, தினமும் தேநீர்க் கோப்பையோடு குனிந்து பார்ப்பாரே, நினைவிருக்கும். ஒரு தண்டு முழுப் பச்சையாக வந்தால் போதும், வேரோடு பிடுங்கிவிடுவார். "பச்சையை விட்டோமோ, வெள்ளைக்கரையை முழுங்கிட்டுத்தான் மறுவேலை பாக்கும்" என்று ஊருக்கே பாடம் எடுத்தவர்.

காலையில் கத்தரிக்கோலோடு போனேன். வாளி நிறைய வெறும் பச்சை! வெள்ளைக்கரை இலை மருந்துக்குக்கூட இல்லை. எல்லாம் குப்பைக்குழியில் வேரோடு கிடந்தது.

எனக்கு யார்மேல் சந்தேகம் வரும்? பதினோரு வருஷமும் இரண்டாம் பரிசு வாங்கிய பக்கத்து வீட்டு பெய்லிஸ்மேல்தான். வேலிக்கு மேலே எட்டி, "வயித்தெரிச்சல்ல செடியப் புடுங்குற அளவுக்குப் போயிட்டீங்களா? வெக்கமா இல்ல?" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், பாதி சவரம் செய்த முகத்தோடு திருதிருவென்று முழித்தார்.

அப்போது உங்கப்பா வந்தார். "ஏன் அந்த மனுஷனப் போட்டுக் காய்ச்சுற? நான்தான் புடுங்கினேன். இலையெல்லாம் வெளுத்து நோய் புடிச்சுக் கெடந்துச்சு. நல்லத மட்டும் விட்டுவச்சிருக்கேன் பாரு" என்றார், பெருமையாக. விளையாடுகிறார் என்று சிரித்தேன், ஹேசல். சிரித்தேன்! அவர் சிரிக்கவில்லை. கண்காட்சிக்கு இனி எதைக் கொண்டுபோவது என்று கேட்டேன். "எந்தக் கண்காட்சி?" என்றார்.

பெய்லிஸ் முகத்தைக்கூடத் துடைக்காமல் சுற்றி வந்து, "எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட காட்டுங்க எனிட், தள்ளிப் போடாதீங்க" என்றார் மெதுவாக. நான் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் விடுங்க என்றுவிட்டார். அவரும் கண்காட்சிக்குப் போகவில்லை. மதியம்வரை அப்பாவோடு உட்கார்ந்து தக்காளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் உங்கப்பா தேநீரில் உப்பைப் போட்டார், வயசாகிவிட்டது என்று கேலி செய்தேன். இரண்டு தடவை தபால் நிலையத்திலிருந்து வழி தெரியாமல் சுற்றி, நேரம் கழித்து வந்தார், மழை என்றார், நம்பினேன். கண்ணை மூடிக்கொண்டா இத்தனை நாள் குடித்தனம் நடத்தினேன்?

குழியிலிருந்து பத்துத் தண்டுகளைப் பொறுக்கி ஜாம் பாட்டில் தண்ணீரில் வைத்திருக்கிறேன். புதினா பிழைத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

இன்று மதியம் ஆட்டுக்கறி வறுத்திருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு உன் கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு இந்தப் பொண்ணு? களையா இருக்கு" என்று கேட்டார். உங்க மகள்தான் என்றேன். "ஹேசலா? அவ பள்ளிக்கூடம் போயிருக்கா, இன்னும் வரலையே" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அதுவரை தள்ளாதே, கண்ணு. வரும்போது வாசலிலேயே நீயாக உன் பெயரைச் சொல்லிவிடு. அவர் தேடித் தவிக்கும்படி விட்டுவிடாதே.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
எனிட்