புது பிரேக்

இல்லைப்பா, காரை விற்கப்போவதில்லை. உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா சரியாகத் தூங்குகிறாளா? நான் நலம்தான்.

"தங்கச்சிக்குன்னுதான் தரேன், பிரேக் எல்லாம் புதுசு" என்று இந்தக் காரை என் தலையில் கட்டினாரே எங்கள் சூப்பர்வைசர், அவர் கதை இது. வருடாந்திரச் சோதனையில் கார் தேறவில்லை. பிரேக் கட்டைகள் காகிதமாகத் தேய்ந்திருந்தன. அவற்றை நம்பித்தான் இத்தனை நாளும் மழையில் ஓட்டியிருக்கிறேன். பயப்படாதீர்கள், உடனே மாற்றிவிட்டேன். மறுசோதனையில் தேறிவிட்டது. அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

நேற்று வேலை முடிந்ததும், பஸ் வராததால் வீட்டில் இறக்கிவிடச் சொன்னார். மேம்பாலச் சரிவில் நான் வேகத்தைக் கூட்டியதும், கதவின் கைப்பிடியை உடும்பாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போம்மா!"

"ஏண்ணே? பிரேக் புதுசுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஐயோ, பொய் சொல்லிட்டேம்மா! தேஞ்சதுன்னு தெரிஞ்சேதான் வித்தேன்!"

கீழே சிவப்பு விளக்கில் கார் பூப்போல நின்றது. தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருப்பார். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எனக்கு இனித்தது, அப்பா. ஆனால் ஆறவில்லை.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், கார்க் கண்ணாடி துடைக்க. துவைக்காமலே அனுப்புங்கள்.

அவசரமாக முடிக்கிறேன். இன்று காலை, அதே மேம்பாலம் வழியாக அவரை வேலைக்கு ஏற்றிப்போக, அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அவர் வெளியே வரும்வரை ஹார்ன் அடித்தேன்.