முதல் ஓட்டத்துக்கு ஏறுங்கள்

கிண்ணியா,
திங்கட்கிழமை.

பெரிய படிப்புப் படித்த றிஸ்வி மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வெள்ளி போனில் நீங்கள் அரை மணித்தியாலம் கதைத்ததற்கெல்லாம் நான் ஓம், ஓம் என்றேன் அல்லவா? ஒன்றும் விளங்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், வெட்கத்தில் சொல்லவில்லை. பிறகு மகள் ரிப்காதான் கொப்பியில் வட்டம் வட்டமாகக் கீறி விளங்கப்படுத்தினாள்.

உலகத்தை இழுத்துப் பிடிக்கிற விசை மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நட்சத்திரம் இல்லை, தண்ணீர் இல்லை, நாமும் இல்லையாம். இதற்கு நோர்வே வரை போக வேண்டுமா, மச்சான்? வள்ளத்து எஞ்சினில் காபரேட்டர் திருகாணியைக் கால் சுற்று கூடத் திருப்பினால் நடுக்கடலில் நின்றுவிடும். திருகினவன் அல்லாஹ் என்பது என் கதை. கணக்கில்லாத உலகங்களில் ஒன்று சரியாக வந்தது என்பது உங்கள் கதை. அதில் எனக்குக் கோபமில்லை.

கோபம் கடைசியில் சொன்னதில். உங்கள் கூடப்பிறந்த ராத்தா றஹ்மாவைப் பார்க்க எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். ஏதோ ஓர் உலகத்தில் நீங்கள் இப்போதே அவவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்களாம். றஹ்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. சிரித்தா. பிறகு இருதய ஒப்பரேஷன் படிவத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. தம்பி வந்தால்தான் கையெழுத்தாம். உம்மா மௌத்தான பிறகு உங்களுக்குச் சோறு ஊட்டின கை அது. அடுத்த மாதம் பதினெட்டைத் தாண்டினால் வால்வு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த உலகத்து றிஸ்வி வந்து பேனையை எடுத்துக் கொடுப்பாரா?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எஞ்சினைத் திருத்தினவன் முதல் ஓட்டத்துக்கு வள்ளத்தில் ஏற வேண்டும். நின்றால் அவனும் சேர்ந்து துடுப்பு வலிக்க வேண்டும். கரையில் நின்று கை காட்ட ஏலாது. நீங்கள் ஒன்பது வருடமாக நோர்வேயில் நின்று கை காட்டுகிறீர்கள்.

போனில் சொன்னால் இடையில் புகுந்து விளங்கப்படுத்துவீர்கள். கடுதாசிக்குள் புக ஏலாது. இதை ரிப்கா படம் பிடித்து அனுப்புவாள். டிக்கெட் எடுத்த பிறகு பதில் போடுங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கட்டும்.

கோபத்தோடும் துஆவோடும்,
மச்சான் முனாஸ்.

பின்குறிப்பு: நீங்கள் இருந்த கதிரையில் றஹ்மா ஒருவரையும் இருக்க விடுவதில்லை. இதை எழுத நான் அதில் இருந்தேன். கதிரைக் கால் உடைந்தது. கடைசிப் பந்தியை நிலத்தில் இருந்து எழுதினேன்.