ஒரு மைக்கில் தெரியாது

9-1-2023, திங்கள்

சென்னையில் சினிமா சவுண்டு வேலை பார்க்கும் வீரமுத்து கேட்ட ஆறு பின்னும் முடிந்தது. மைக் ஒயர் முனையில் வருகிற சாதாரணப் பின் விரல் நீளம் இருக்கும். மைக் மாட்டும் பூம் கம்பின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். கம்பைத் தரையில் ஊன்றினால் ஒயர் முறியும். நான் செய்வது சோடா மூடி உயரம்தான், ஒயர் பக்கவாட்டில் வெளியே வரும். கள்ளக்குறிச்சி லேத்தில் கூடு மட்டும் கடைந்து வாங்குகிறேன். மற்றதெல்லாம் என் கை. இருபது வருஷம் சென்னையில் சினிமாவுக்கு மைக் கம்பு பிடித்துத் தோள்பட்டை போன பிறகு, ஊரோடு வந்து கண்டுபிடித்துக்கொண்ட பிழைப்பு.

வீரமுத்து அனுப்பிய ஒயர்களில் மைக் பக்கம் ஏற்கெனவே பற்றவைத்திருந்தது. அடிப்பக்கம் மட்டும் என் வேலை. மைக்கை வாய்க்கால் பக்கம் திருப்பி, ஹெட்போன் மாட்டி, ஒயரை வளைத்து நெளித்துக் கேட்டேன். ஒரு கரகரப்பு இல்லை. ஒயர் சோதிக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கிறவன் பார்க்கட்டும். எனக்குக் காது இருக்கிறது.

நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

11-1

பார்சல் போட்டாயிற்று. கரும்பு டிராக்டர்கள் மில்லுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஹெட்போனைக் கழற்றினால் அந்த இரைச்சல், மாட்டினால் அதுவும் இல்லை. வேலை இல்லாவிட்டாலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

15-1, பொங்கல்

பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். "ஜெயம்மா பொங்கலுக்குக்கூட வரலியா?" என்றாள். தூக்கில் மாற்றிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் போனவள் என் பெண்டாட்டி. சண்டை கிடையாது. ஒரு நாள் மத்தியானம் ஹெட்போனைக் கழற்றிப் பார்க்கிறேன் — அடுப்பு அணைந்திருக்கிறது, சோறு மூடியிருக்கிறது, ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவள்கூட நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தானே போவாள்? சொல்லாமல் போனாளே, அதுதான் ஆறவில்லை. வடக்கனந்தலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். டவுன் பஸ் ஏறினால் பக்கம்தான். நான் ஏன் போகணும்? சொல்லாமப் போனது அவதானே.

19-1

வீரமுத்து போன் பண்ணினான். பின் அழகாக இருக்கிறதாம். ஆனால் ஒரு காட்சிக்கு ரெண்டு கம்பு போட்டிருக்கிறான், ஒன்றில் என் பின், இன்னொன்று பழசு. "தனித்தனியா கேட்டா நல்லா கீதுண்ணே. ரெண்டயும் ஒண்ணா தொறந்தா கொரல் செத்துப்பூடுது. உள்ள ரெண்டு ஒயரு மாறிப்போயிருக்கும்ணே."

ஒயர் மாறினால் ஒரு மைக் தள்ளுகிற சத்தத்தை மற்றது இழுத்துக் குரலை அழித்துவிடும், உண்மைதான். ஆனால் நானா மாற்றுவேன்? திருப்பி அனுப்பு, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாள் பூரா கை வேலையில் ஓடவில்லை.

23-1

பார்சல் வந்தது. மைக்செட் இருசப்பனிடம் இன்னொரு மைக் இரவல் வாங்கி, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே பேசினேன். தெரியவில்லை. தெரியாதுதான் — தன் குரல் மண்டைக்குள்ளேயே கேட்கும், ஹெட்போனில் வருவது எது, எலும்பில் வருவது எது என்று பிரிக்க முடியாது. வேறு ஆள் பேச வேண்டும், நான் கேட்க வேண்டும். இருசப்பன் கல்யாண செட்டோடு வெள்ளிமலைக்கு ஏறிவிட்டான். "ஒரு மீட்டர் வாங்கு, ஒரு நொடியில சொல்லிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வாங்க மாட்டேன்.

பேச ஒரு ஆள். இந்த ஊரில் அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். ஒரு பேர் வரவில்லை.

27-1

ஜெயம்மாள் வந்தாள்.

என்னைப் பார்க்க இல்லை. தையல் மிஷினை எடுத்துப்போக. மினி ஆட்டோ பின்னால் வருகிறது என்று சொல்லி வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "ஒரு நிமிஷம் இந்த மைக்குல பேசறியா?" என்றேன். என்ன ஜென்மமோ நான்.

"இன்னாத்த பேசறது?"

"எதையாவது."

உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெண்டு மைக்கையும் திறந்தேன். எதிரே அவள் உதடு அசைகிறது. காதில் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி என்னவோ வருகிறது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. வீரமுத்து சொன்னது சரி. ஒயரின் வழக்கமான நிறத்தை நம்பிப் பற்றவைத்திருக்கிறேன், மைக் பக்கம் பற்றவைத்தவன் நிறத்தை மாற்றிப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு மைக்காகவே கேட்டிருந்தால் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அவளை இருக்கச் சொல்லிவிட்டு, பின்னைத் திறந்து ஒயரை மாற்றிப் பற்றவைத்தேன்.

"இப்ப பேசு."

"முன்ன பேசனதயா?"

"அதையே."

முழுக்குரல் வந்தது. மூன்று மாசம் கழித்துக் காதுக்குள் ஜெயம்மாள்.

"ரெண்டு நாளா கேக்கணும்னு இருந்து, நான் போன அன்னிக்கு வாசப்படியில வந்து நின்னேன். ‘இங்க இருந்து நான் இன்னா பண்றது, அண்ணன் வூட்டுக்குப் போவட்டுமா’ன்னு கேட்டேன். நீங்க என்னப் பாத்து தலய ஆட்னீங்க. சரி, போன்னு சொல்லிட்டாருன்னு போய்ட்டேன்."

ஆட்டோ வந்துவிட்டது. நானும் ஒரு கை பிடித்து மிஷினை ஏற்றினேன்.

28-1

ஆட்டியிருப்பேன்.

ஷூட்டிங்கில் ஹெட்போன் மாட்டிவிட்டால் பேச முடியாது. எதிரே யார் வந்து நின்று பார்த்தாலும் தலையாட்டணும் — சத்தம் சரி, எடுக்கலாம் என்று அர்த்தம். இருபது வருஷப் பழக்கம். காதில் என்ன விழுந்தது, எதிரே நிற்பது யார், ஒன்றும் பார்க்காமல் கழுத்து தானாக ஆடும். அவள் கண் முன்னால் நின்று கேட்டிருக்கிறாள். நான் சரி சொல்லி அனுப்பிவிட்டு, சொல்லாம போய்ட்டா, சொல்லாம போய்ட்டான்னு மூணு மாசமா — சே.

30-1

மீட்டர் வாங்கிவிட்டேன். அன்றைக்கு மாற்றியது போக மற்ற ஐந்தும் தப்பு. வீரமுத்துவிடம் சொன்னேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5-2, ஞாயிறு

வடக்கனந்தல் போனேன். மச்சான் பிச்சைமுத்து காட்டுக்குப் போயிருந்தார். ஜெயம்மாள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சேர்த்துவைத்ததெல்லாம் மறந்துபோய், "அன்னிக்கு நீ கேட்டது என் காதுல விழலே ஜெயம்மா" என்றேன். "விழுந்திருந்தா தலய ஆட்டியிருக்க மாட்டேன்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரம் அடித்து முடித்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றாள். குடித்தேன். கிளம்பும்போது, அங்கே வீட்டுப் பொட்டியில் நாலு சேலை இருக்கிறது, ஒருநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

சேலையை எடுத்துக்கொண்டால் அப்புறம் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே நினைப்பு.

12-2, ஞாயிறு

சாயங்காலம் வந்தாள். பொட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மேஜையில் மீட்டரைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். "இது வந்துட்சா? அப்ப நான் பேச வேணாம்" என்றாள். மீட்டர் ஒயரைப் பார்க்கும், அவ்வளவுதான் என்றேன். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

நான் பின்னைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் ஆணியில் தொங்கியது. அவள் பையை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போய், திரும்பி நின்றாள்.

"கடைசி பஸ்சு வந்துரும். நான் போவட்டுமா?"

கழுத்து ஆடப் பார்த்தது. சூட்டுக்கோலைக் கீழே வைத்தேன்.

"வேணாம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "போவாத. இரு."

அவள் உட்காரவில்லை. பையையும் கீழே வைக்கவில்லை. படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கடைசி பஸ் ஊரைத் தாண்டி அணை ரோட்டில் திரும்பும்போது ஹாரன் அடிக்கும். ரெண்டு பேருக்கும் கேட்டது.