சொல்லாமல் அணைந்த டார்ச்

ஏனுங்க,

சோறும் அவரைக் குழம்பும் அடுப்பு மேல் இருக்கிறது. ஷைனாவுக்குச் சூடுபண்ணிக் கொடுங்கள்.

நீங்கள் செய்த டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டேன். டியூஷனுக்குப் போகும்போது அதை அவளிடம் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கூடப் போய்க் கூட்டி வாருங்கள்.

நேற்று வந்ததும் வராததுமாக நான் சத்தம் போட்டது பால் பொங்கி வழிந்ததற்காக இல்லை. ஃபேக்டரியிலிருந்து வரும்போது உங்கள் டார்ச் பளிச்சென்றுதான் எரிந்தது. மாதா சிலை இருக்கிற கெபி வளைவில் ஒரேயடியாக அணைந்துவிட்டது. பக்கத்துத் தேயிலைக்குள் காட்டெருமை மூச்சு விடுகிற சத்தம். அது விலகிப் போகும்வரை இருட்டில் அசையாமல் நின்றேன்.

"கடிகாரமே ஓடாத செல்லு புள்ள, நான் செம்புக் கம்பி சுத்திப் பண்ண காயில்ல எப்பிடி எரியுது பாரு!" என்று அத்தனை சந்தோஷமாகக் கொடுத்தீர்கள். உங்களிடம் இதைச் சொல்ல மனசு வரவில்லை.

பழைய டார்ச்சில் செல் தீரத் தீர வெளிச்சம் மங்கும். பாதி வழியில் திரும்பிவிடலாம். உங்களுடையதில் தீர்வதே தெரிவதில்லை. பழையதை நான் எடுத்துப் போகிறேன்.

ஜெஸிந்தா

கோபத்தில் அதைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். கரண்ட் போனால் ஊட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

பழையதிலும் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கிறது. ஷிஃப்ட் முடிகிற நேரம் வளைவு வரைக்கும் வாருங்கள். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, இருக்கட்டும். அங்கே வந்து மட்டும் என் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள்.