காற்றடித்த நாளில் பருந்து வராது

என் அருமை மதினிக்கு,

உங்கள் மகள் மாரிக்கனி போன திங்கட்கிழமையிலிருந்து நம் பட்டாசுக் கம்பெனிக்கு வருகிறாள். நீங்கள் நின்ற அதே மேடைக்குத்தான்.

மருந்து அடைத்த வெடிகளை வெயிலில் காயப்போடும் அந்தச் சிமென்ட் மேடைக்கு நீங்கள்தானே காவல்? தலைக்கு மேலே பருந்து இறக்கை அடிக்காமல் வட்டம் போட்டு ஏறினால் யாரையும் தொட விடமாட்டீர்கள். “தரச்சூடுதாம்டி அதத் தூக்கிட்டுப் போகுது. சூட்டோட தொட்டா வெடிச்சிரும், ஒருத்தியும் கிட்டப் போகக்கூடாது.” ஃபோர்மேன் கத்தினாலும் அசைய மாட்டீர்கள்.

அந்த ஆடி மாதத்து மத்தியானம் வானத்தில் ஒன்றுமே இல்லை. லோடு நிற்குது என்று ஃபோர்மேன் விரட்டினார். நீங்கள் அண்ணாந்து பார்த்துத் தயங்கினீர்கள். “அதான் பருந்தக் காணோமே மதினி, போயி அள்ளிட்டு வந்துருங்க” என்றது நான். நீங்கள் போய்க் கை வைத்ததுமே மொத்தமும் வெடித்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. போகச் சொன்னது நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷமாகப் பருந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்றில்லாத நாளில் சூடு தூண் மாதிரி நேராக எழும்புகிறது. பருந்து இறக்கையை அகல விரித்து, நுனி இறகுகளை விரல் விரலாகப் பிரித்து, வாலைத் திருப்பித் திருப்பி அதிலேயே ஏறிவிடுகிறது. ஆடிக்காற்று அந்தத் தூணைக் கலைத்துவிடுகிறது. ஏற முடியாமல் இறக்கையைப் படபடவென்று அடித்து எங்கேயோ போய்விடுகிறது. அப்படி ஒரு நாள் மேடை ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லாய்க் கொதித்தது. இது தெரியாமல்தானே உங்களைப் போகச் சொன்னேன்!

இன்று மத்தியானமும் காற்று சுழற்றியடித்தது. மாரிக்கனி அண்ணாந்து பார்த்தாள், அச்சு அசல் நீங்கள்தான்.

“பருந்தக் காணோம் அத்தை. போயி அள்ளிட்டு வந்துர்றேன்.”

ஐயோ மதினி! எப்படி ஓடினேன் என்றே தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். “காத்தடிச்சா பருந்து வராதுடி! சூடு அங்கனயேதான் கெடக்கு!”

“ஒங்களுக்கு எப்டித் தெரியும்? எங்கம்மாவுக்கே தெரியலையே அத்தை?”

தண்ணீர் குடிக்கிற சாக்கில் நழுவிவிட்டேன்.

சொன்னால் என்னை வெறுத்துவிடுவாளோ? அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால், நான் இல்லாத நேரத்தில் மறுபடியும் வானத்தை நம்பி நடந்துவிடுவாளோ? அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

நாளைக் காலை கம்பெனி வேன் ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், யார் உங்களைப் போகச் சொன்னது என்பது உட்பட. அவள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி, மேடை ஆறும்வரை அவள் கையை விடமாட்டேன்.

உங்களை அனுப்பிவைத்த நாத்தனார்,
முனீஸ்வரி